ரத்தப் புற்றும் ஸ்படிகக் கலையும்

நோய்க்கு மருந்து காணும் முறையைப் பற்றி நம்மிடையே ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. முதலில் நோயின் மூலத்தை அறிவது, பிறகு அந்த மூலத்தின் வடிவத்தைக் கண்ணால் காண்பது, கண்ட பின் அதற்கேற்ற ஔஷதத்தை வகுப்பது என்று, தர்க்க சாஸ்திரத்தின் ஒழுங்கிலேயே காரியங்கள் நடந்தேறுவதாக நினைத்துக்கொள்கிறோம். விஞ்ஞானிகளும் தங்கள் வெற்றிகளைப் பின்னாளில் எழுத உட்காரும்போது அந்த ஒழுங்கிலேயே எழுதிவிடுகிறார்கள். ஆனால், நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய்க்கும், அதற்கு மூலமாகிய ஏபிள் என்ற புரதத்தின் ஒரு பகுதிக்கும், அப்பகுதியின் உருவத்தைக் கண்டு சொன்ன ஸ்படிகக் கலைக்கும் இடையே உள்ள சரித்திரத்தை ஆற அமரப் படித்துப் பார்த்தால், கை முன்னே சென்றதும், கண் அதன் பின்னே வந்து சேர்ந்ததும், வந்து சேர்ந்த பிறகே கைக்கு வழிகாட்டத் தொடங்கியதும் விளங்கும்.

நோயின் சரித்திரம் 1845-இல் தொடங்குகிறது. எடின்பரோ நகரில் ஜான் ஹியூஸ் பென்னெட்டும், பெர்லின் நகரில் ருடால்ப் விர்ச்சோவும், சில வார இடைவெளியில், மண்ணீரல் மிகப் பெருத்து மாண்டுபோன நோயாளிகளின் சடலங்களை அறுத்துச் சோதித்து, அவர்களுடைய ரத்தத்தில் நிறமற்ற அணுக்கள் அளவு மீறி மண்டிக் கிடந்ததைக் குறித்து வைத்தார்கள். பென்னெட் அதைச் சீழ் என்று கொண்டார். விர்ச்சோவோ, சீழ் பிடிப்பதற்குரிய புண் ஏதும் உடலில் காணாதபோது அப்படிக் கொள்வது பொருந்தாது என்று கண்டு, வெள்ளணுக்களே விகிதம் கெட்டுப் பெருகிய நிலை அது என்றார். முந்தியவர் யார் என்ற வழக்கில் அக்காலத்து வைத்தியர்கள் செலவிட்ட மை கொஞ்சமல்ல. நோயாளிக்கு அதனால் விளைந்த நன்மை ஒன்றுமில்லை. 1860-களில் பாஷாணக் கரைசலைக் கொடுத்துப் பார்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் மண்ணீரலின்மேல் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினார்கள். 1950-களில் பூசல்பான் என்ற மாத்திரை வந்தது. இவை யாவும் பெருகிய வெள்ளணுக்களைச் சில காலம் குறைத்தனவேயன்றி, அவற்றைப் பெருக்கிய காரணத்தைத் தொடவில்லை. சில ஆண்டுகள் அடங்கிக் கிடந்த நோய் திடீரென்று உக்கிரம் கொண்டு ஆளைக் கொண்டுபோகும் வழக்கமும் மாறவில்லை.

இந்த வைத்தியர்களோடு எவ்வித உறவும் இல்லாத வேறொரு கூட்டத்தார், அதே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேறொரு தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். 1912-இல் மாக்ஸ் பான் லாவே என்ற ஜெர்மானியரின் யோசனைப்படி ஒரு ஸ்படிகத்தின் வழியே எக்ஸ்-கதிரைச் செலுத்தியபோது, அப்பால் வைத்த போட்டோத் தகட்டில் ஒழுங்கான புள்ளிகள் விழுந்தன. அப்புள்ளிகளின் இடத்தையும் கருமையையும் அளந்து, ஸ்படிகத்துக்குள் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையைக் கணித்துவிடலாம் என்பதை அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் வில்லியம் பிராக்கும் அவர் குமாரர் லாரன்ஸ் பிராக்கும் உப்பிலும் வைரத்திலும் செய்து காட்டினார்கள். உப்புக்கும் வைரத்துக்கும் செல்லுபடியான கலை, ஆயிரக்கணக்கான அணுக்கள் கூடிய புரதத்துக்கு எப்படிச் செல்லும் என்பதே பிறகு எழுந்த கேள்வி. புரதம் என்றால் ஒழுங்கில்லாத கூழ் என்று எண்ணியிருந்த ரசாயன பண்டிதர்கள் அன்று பலர்.

அந்த எண்ணத்தை மாற்றியது 1934-இல் நேர்ந்த ஒரு சம்பவம். ஸ்வீடன் தேசத்து உப்சாலாவில், பெப்ஸின் என்னும் ஜீரண நொதியைச் சுத்தி செய்துகொண்டிருந்த ஒருவர், கரைசலைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு விடுமுறைக்குப் போய்த் திரும்பியபோது, அதில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஸ்படிகங்கள் வளர்ந்திருந்தன. அவற்றைக் கண்ட கேம்பிரிட்ஜ் நண்பர் ஒருவர், குழாயோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, ஜே. டி. பெர்னால் கையில் கொடுத்தார். ஸ்படிகத்தை வெளியே எடுத்து உலர்த்திப் படம் பிடித்தால் தகட்டில் ஒன்றும் விழவில்லை. உலரும்போதே அதன் உள் ஒழுங்கு குலைந்துவிடுகிறது என்று ஊகித்த பெர்னால், அது பிறந்த திரவத்தோடு சேர்த்தே மயிரிழைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து முத்திரையிட்டு, டோரதி குரோபுட் என்ற மாணவியுடன் கூடிப் படம் பிடித்தார்; தகடு முழுவதும் புள்ளிகள் மின்னின. புரதம் கூழல்ல, ஒவ்வொரு மூலக்கூறும் தன் சகோதர மூலக்கூற்றை அச்சாக ஒத்தது என்பது அன்று நிச்சயமாயிற்று. ஒரு துளி நீரை வற்றவிடாமல் காத்ததில் ஒரு சாஸ்திரமே பிறந்தது என்றால் அது மிகையாகாது.

ஆயினும், புள்ளிகள் கிடைத்தது வேறு, உருவம் கிடைத்தது வேறு. அலையின் வலிமையைத் தகடு காட்டுமேயன்றி, அலைகள் ஒன்றுக்கொன்று முந்திப் பிந்தி வரும் நிலையைக் காட்டாது. அது தெரியாமல் கணக்கு முடியாது. வியன்னாவிலிருந்து 1936-இல் கேம்பிரிட்ஜுக்கு வந்து, மறு ஆண்டு ஹீமோகுளோபினைக் கையில் எடுத்த மாக்ஸ் பெரூட்ஸ், 1953-இல்தான், பாதரசம் போன்ற கனத்த அணுவொன்றைப் புரதத்தோடு இணைத்து, இணைக்குமுன்னும் பின்னும் எடுத்த படங்களின் வித்தியாசத்தைக் கொண்டு அந்நிலையைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். ஹீமோகுளோபினின் உருவம் 1959-இல் கிடைத்தது. இருபத்திரண்டு ஆண்டுகள்! இடையில் யுத்தம் வந்தது, சிறைவாசம் வந்தது, நாடுகடத்தல் வந்தது. புரதம் மட்டும் மாறவில்லை. அவருடைய சகா ஜான் கெண்ட்ரூ, அதனினும் சிறிய மையோகுளோபினை ஓராண்டு முன்னதாகவே கண்டிருந்தார். இருவருக்கும் 1962-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கலையின் சரித்திரத்தில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நம்மவரிலேயே பலர் அறியார். சர் சி. வி. ராமனின் மாணவரான ஜி. என். ராமச்சந்திரன், 1952-இல், துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியாரின் அழைப்பை ஏற்று, முப்பது வயதை எட்டும் தறுவாயில் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியரானார். அவ்வமயம் சென்னைக்கு வந்த பெர்னால், கொல்லாஜென் என்ற புரதத்துக்கு இன்னும் திருப்தியான உருவம் எவரும் சொல்லவில்லை என்று பேச்சுவாக்கில் குறிப்பிட, ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். கொல்லாஜென் தோலிலும் தசைநாண்களிலும் உள்ள புரதம். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமோ பக்கத்திலேயே அடையாற்றில் இருந்தது. அவரும் கோபிநாத கர்த்தாவும் சேர்ந்து, மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு செல்லும் வடிவத்தை 1954-இலும், திருத்தியதை அடுத்த ஆண்டிலும் வெளியிட்டார்கள். அணுக்களை இவ்வளவு நெருக்கமாக வைக்கலாமா என்று மேலைநாட்டார் ஆட்சேபித்தபோது, ராமச்சந்திரன் கோபித்துக்கொள்ளவில்லை. எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். அதன் பலனாக, வி. சசிசேகரனுடனும் சி. ராமகிருஷ்ணனுடனும் அவர் 1963-இல் வெளியிட்ட படம், புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பலாகாது என்பதை ஒரு சதுரத்துக்குள் வரைந்து காட்டியது. இன்று உலகில் எந்த ஆராய்ச்சிச்சாலையிலிருந்து எந்தப் புரதத்தின் உருவம் வெளிவந்தாலும், அது தகுதியுடையதா என்று சோதிக்க முதலில் வைத்துப் பார்ப்பது அந்தச் சென்னைச் சதுரத்தில்தான். நாம் பேசப்போகும் ஏபிள் பகுதிக்கும் அந்தப் பரீட்சையிலிருந்து விலக்கு இல்லை.

இனி நோயின் பக்கம் திரும்புவோம். 1956-இல் பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து நோய்க்கூறு நிபுணர் பீட்டர் நோவெல், லுகேமியா நோயாளிகளின் வெள்ளணுக்களைக் கண்ணாடிச் சில்லில் வளர்த்துச் சாயம் ஏற்றும்போது, சில்லைக் குழாய்த் தண்ணீரில் அலசினார். உப்பற்ற தண்ணீர் பட்டதும் அணுக்கள் உப்பிப்போய், உள்ளே இருந்த குரோமோசோம்கள் ஒன்றின்மேல் ஒன்று புரளாமல் விலகிப் பரவி நின்றன. இதே உண்மையை டெக்ஸாஸில் டி. சி. ஸூ என்பவரும் 1952-இல் ஒரு தவற்றாலேயே கண்டிருந்தார் என்பது வேறு கதை. குரோமோசோம் சாஸ்திரத்தில் தமக்குப் பயிற்சி இல்லை என்று உணர்ந்த நோவெல், அதே நகரத்துப் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகத்தில் அத்துறையில் பட்டத்துக்காக உழைத்துக்கொண்டிருந்த டேவிட் ஹங்கர்போர்டைத் துணை சேர்த்துக்கொண்டார். நாட்பட்ட மைலாய்டு லுகேமியா கண்டவர்களின் அணுக்களில், இயல்புக்கு மாறாகக் குறுகிய ஒரு குரோமோசோம் இருப்பதை ஹங்கர்போர்டின் கண் பிடித்தது. 1960-இல் அவர்கள் வெளியிட்ட குறிப்பு சில பத்திகளுக்கு மேல் நீளாதது. ஆனால் ஒரு புற்றுநோய்க்கு உரியதென்று ஒரே குரோமோசோம் மாற்றத்தைச் சுட்டிக்காட்ட முடிந்தது அதுவே முதல் தடவை. நகரத்தின் பெயரால் அதைப் பிலடெல்பியா குரோமோசோம் என்று உலகம் அழைக்கலாயிற்று.

குறுகிய குரோமோசோமின் காணாமற்போன துண்டு எங்கே போயிற்று? அழிந்துபோயிற்று என்றே பன்னிரண்டு ஆண்டுகள் நம்பினார்கள். குயினாக்ரின் என்ற சாயத்தால் குரோமோசோம்களில் வரிவரியாக ஒளிரும் பட்டைகளை எழுப்பும் வித்தை வந்த பிறகு, சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற அம்மையார், போட்டோக்களிலிருந்து குரோமோசோம்களைக் கத்தரித்து எடுத்துத் தம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, ஜோடி ஜோடியாக ஒட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று குழந்தைகள் கேலி செய்தார்களாம். அந்த மேஜையில்தான், 22-ஆம் குரோமோசோம் இழந்த துண்டு 9-ஆம் குரோமோசோமின் நுனியில் ஏறி உட்கார்ந்திருப்பது புலப்பட்டது. 1973-இல் அவர் அதை வெளியிட்டார். துண்டு போனது நஷ்டமன்று, பரிவர்த்தனை என்று தெரிந்ததும் கேள்வியே உருமாறிவிட்டது: வெட்டுண்டு ஒட்டிய இடத்தில் என்ன புதிது பிறந்தது?

விடையின் ஒரு பாதி எலியிலிருந்து வந்தது. 1969-70-இல், அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தில் ஹெர்பர்ட் ஏபெல்சனும் லூயிஸ் ராப்ஸ்டீனும், எலிக்கு லுகேமியா உண்டாக்கும் ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அது எலியின் அணுவிலிருந்து திருடிச் சுமந்துவந்த மரபணுவுக்கு ஏபெல்சனின் பெயரைச் சுருக்கி ஏபிள் என்று பெயர் வழங்கிற்று. இம்மரபணு தரும் புரதம் டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின்மேல் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி, அதாவது ஒரு கைனேஸ், என்பது 1980-இல் தெரிந்தது. டைரோசினில் பாஸ்பேட் ஏறுவதுண்டு என்பதே அதற்கு ஓராண்டு முன்னால்தான், கலிபோர்னியாவில் டோனி ஹண்டர் என்பவரால், அதுவும் அவருடைய சோம்பலால் கண்டறியப்பட்டது என்று சொன்னால் வாசகர் நம்ப மாட்டார்கள். அமினோ அமிலங்களைப் பிரித்துக் காட்டும் சோதனைக்குப் புதிய கரைசல் கலக்கச் சோம்பி, பலமுறை பயன்படுத்திய பழையதையே அவர் ஊற்றினார். பழகிப் பழகி அதன் புளிப்பு ஏறிவிட்டிருந்ததால், வழக்கமாக ஒன்றாகவே ஓடி, திரியோனின் என்ற வேறோர் அமினோ அமிலத்தின் பாஸ்பேட்டோடு கலந்து மறைந்துவிடும் டைரோசின் பாஸ்பேட் தனிப் புள்ளியாகப் பிரிந்து நின்றது. சோம்பல் கெடுத்த காரியங்களையே கேட்டுப் பழகிய நமக்கு, அது கொடுத்த காரியம் இது ஒன்றாவது இருக்கட்டும்.

9-ஆம் குரோமோசோமில் இருக்கவேண்டிய ஏபிள் மரபணு, இந்நோயாளிகளில் 22-ஆம் குரோமோசோமுக்குக் குடிபெயர்ந்திருப்பதை ராட்டர்டாமிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆராய்ச்சியாளர்கள் 1982-இல் காட்டினார்கள். அது போய் ஒட்டும் இடத்துக்கு 1984-இல் பி.சி.ஆர். என்று பெயரிட்டார்கள். இரண்டும் கூடிப் பிறந்த பி.சி.ஆர்.-ஏபிள் என்ற கலப்புப் புரதம், நிறுத்துவார் இன்றி இரவும் பகலும் பாஸ்பேட் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்கள் அந்த ஆணைக்குக் கட்டுப்பட்டுப் பெருகுகின்றன. விர்ச்சோ கண்ட வெள்ளை ரத்தத்துக்குக் காரணம் ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்குப் பின் அகப்பட்டது.

இந்தப் புரதம் நீளமானது. ஆயினும் நோயை நடத்துவது அதன் ஒரு பகுதிதான். புரதச் சங்கிலியில், தனக்கென்று ஒரு மடிப்பும் தனக்கென்று ஒரு தொழிலும் உடைய துண்டை விஞ்ஞானிகள் டொமைன் என்பார்கள். ஏபிளின் கைனேஸ் டொமைன் சுமார் 270 அமினோ அமிலங்களால் ஆனது. இக்குடும்பத்தில் முதன்முதல் உருவம் காணப்பட்டது ஏபிள் அன்று. 1991-இல் சான் டியாகோவில் சூசன் டெய்லர் குழுவினர் கண்ட வேறொரு கைனேஸ். அதன்பின் எத்தனை கைனேஸ்களைக் கண்டாலும் அடிப்படை அமைப்பு ஒன்றாகவே இருந்தது: மேலே ஒரு சிறு மடல், கீழே ஒரு பெரு மடல், இரண்டையும் ஒரு பக்கத்தில் சேர்க்கும் கீல், நம் வீட்டுப் பாக்குவெட்டியை வாய் திறந்து வைத்தாற்போல. அந்த வாயின் உட்புறத்தில், கீலை ஒட்டி, ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருள் அமர்கிறது. அதன் பாஸ்பேட்தான் எடுத்து ஏற்றப்படுகிறது. மனித உடலில் 500-க்கு மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு. அத்தனையும் அதே ஏ.டி.பி.யை அதே இடத்தில் வைத்தே தொழில் செய்கின்றன. ஆகவே, ஒன்றை மட்டும் அடக்கி மற்றவற்றைத் தொடாத மருந்து அசாத்தியம் என்பது அன்றைய பெரியோர்களின் தீர்ப்பு.

பாஸல் நகரத்து சிபா-கைகி கம்பெனியில், அலெக்ஸ் மேட்டரும் நிக் லைடனும் யூர்க் ஸிம்மர்மானும் எலிசபெத் புக்டுங்கரும் அத்தீர்ப்பை மதிக்கவில்லை. அவர்கள் கையில் ஏபிளின் உருவம் இல்லை என்பதை வாசகர் மறவாதிருக்க வேண்டும். வேறொரு கைனேஸை அடக்கிய ஒரு சிறு மூலக்கூற்றை எடுத்து, இங்கே ஒரு கூட்டம் அணுக்களைச் சேர்த்து, அங்கே ஒன்றை மாற்றிச் சோதனைக் குழாயில் போட்டுப் பார்த்து, மறுபடி மாற்றும் பழைய ரசாயனக் கைத்தொழில்தான் அது. ஓரிடத்தில் ஒரே ஒரு மீதைல் தொகுதியைச் சேர்த்தபோது, வேண்டாத கைனேஸ்களின்மேல் இருந்த வேகம் அடங்கிவிட்டது. ஏன் என்று தெரியாது. மருந்து தண்ணீரில் கரையவேண்டுமே என்று வாலில் பைபெரஸைன் என்ற வளையம் ஒன்றைக் கட்டினார்கள். அதற்கு வேறு உத்தேசம் கிடையாது. இப்படிப் பிறந்த பொருளை, ஆரெகான் மாகாணத்து வைத்தியர் பிரையன் டிரூக்கர் நோயாளிகளின் அணுக்களில் போட்டுப் பார்த்து, நோயணுக்கள் மடிவதையும் மற்றவை பிழைப்பதையும் 1996-இல் வெளியிட்டார். 1998 ஜூனில் மனிதர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். தினம் 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் உண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் கணக்கு இயல்புக்குத் திரும்பிற்று. 2001 மே மாதத்தில் அமெரிக்க அரசு இமாடினிப் என்ற அம்மருந்தை அங்கீகரித்தது.

நோயாளிகள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான், மருந்து எங்கே எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க ஸ்படிகக் கலைஞர்கள் வந்தார்கள். நியூயார்க்கில் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில், ஜான் குரியன் குழுவினர், எலியின் ஏபிள் கைனேஸ் டொமைனை, மருந்தின் சற்றே குறுகிய வடிவம் ஒன்றோடு சேர்த்து ஸ்படிகமாக்கி, 2000 செப்டம்பரில் அதன் உருவத்தை வெளியிட்டார்கள். குரியன், 1977 முதல் இரண்டாண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் பயின்றுவிட்டு அமெரிக்கா சென்றவர். அவர்கள் கண்டது எதிர்பாராத காட்சி. எல்லாக் கைனேஸ்களும் தொழில் செய்யும்போது ஒரே முகம் காட்டுகின்றன. ஆகவே தொழில் செய்யும் ஏபிளைத்தான் மருந்து அடைக்கிறது என்றால், மற்ற கைனேஸ்களை அது விட்டுவைப்பதற்குக் காரணமே இராது. உண்மையில், மருந்து பிடித்துக்கொண்டிருந்தது தொழிலற்று ஓய்ந்திருந்த ஏபிளை. வாயின் அடியில் ஆஸ்பார்டேட், பினைல்அலனின், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து உண்டு. தொழில் நடக்கையில் உள்நோக்கி நிற்க வேண்டிய ஆஸ்பார்டேட் வெளிப்புறம் திரும்பியிருந்தது, பினைல்அலனின் தன் இடத்தை விட்டு விலகியிருந்தது. அவ்விலகலால் உண்டான ஆழ்ந்த இடுக்குக்குள் மருந்து தன் உடலை நீட்டிப் படுத்திருந்தது. ஓய்வு நிலையில் கைனேஸ்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோலம் கொள்பவை. ஏபிள் கொள்ளும் கோலத்தை அதன் நெருங்கிய உறவினரான சார்க் என்ற கைனேஸ்கூட எளிதில் கொள்வதில்லை. அசாத்தியம் என்ற தீர்ப்பு எங்கே பிழைத்தது என்பது இப்படி வெளியாயிற்று.

கரைவதற்காகக் கட்டிய வாலின் சங்கதி இன்னும் ருசிகரமானது. முழு இமாடினிப்போடு எடுத்த உருவம் 2002-இல் வெளிவந்தபோது, அந்தப் பைபெரஸைன் வளையம் சும்மா தொங்கிக்கொண்டிருக்கவில்லை. டொமைனின் முதுகெலும்பில் இரண்டு இடங்களை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொண்டிருந்தது. உத்தேசம் ஒன்று, பலன் இரண்டு. ரசாயனி தன் கைக்குத் தெரிந்ததைத் தன் மனத்துக்குச் சொல்லாமலே செய்துவிட்டான் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இதுவரை கண், கை செய்ததற்கு உரை எழுதிற்று. மருந்துக்கு அடங்கிய நோய் சிலரிடம் மீண்டும் தலையெடுத்தபோதுதான் அது முன்னே வரவேண்டியதாயிற்று. லாஸ் ஏஞ்சலஸில் சார்லஸ் சாயர்ஸ் குழுவினர் 2001-இல் அப்படி நோய் திரும்பியவர்களைச் சோதித்து, ஒன்பது பேரில் ஆறு பேரிடம் ஒரே மாற்றத்தைக் கண்டார்கள்: 315-ஆம் இடத்தில் இருக்கவேண்டிய திரியோனினுக்குப் பதிலாக ஐசோலூசின். உருவத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் காரணம் கைமேல் இருந்தது. அந்தத் திரியோனின் இடுக்கின் வாசலில் நிற்பது. மருந்தோடு ஒரு ஹைட்ரஜன் பிணைப்பால் கை கோத்திருப்பது. ஐசோலூசினுக்கு அந்தக் கை இல்லை. போதாக்குறைக்கு உடல் சற்றுப் பருமன். ஏ.டி.பி. தடையின்றி வந்து போகிறது, மருந்துக்கு மட்டும் வழி மறிக்கப்படுகிறது. 2006-இல் வந்த டசாடினிப், 2007-இல் வந்த நிலோடினிப் ஆகிய இரண்டும் வேறு பல மாற்றங்களை வென்றன. நிலோடினிப், இமாடினிப்பும் ஏபிளும் சேர்ந்த உருவத்தைப் பார்த்தே திருத்தி வகுத்தது. இந்த ஐசோலூசினிடம் மட்டும் இரண்டும் தோற்றன. 2012-இல் வந்த பொனாடினிப்பின் நடுவில், கார்பன் அணுக்கள் இரண்டை மும்மைப் பிணைப்பால் கோத்து, ஐசோலூசினின் பருமனை உரசாமல் நேராகச் செல்லும் மெல்லிய பாலம் ஒன்றை அமைத்தார்கள். தடை எங்கே நிற்கிறது என்று காணாதவன் அப்படி ஒரு பாலத்தை எண்ணியும் இருக்க மாட்டான். பொனாடினிப் ரத்தக் குழாய்களில் அடைப்பு உண்டாக்கும் அபாயம் உடையது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

இம்மருந்தின் கதையில் ஸ்படிகம் வேறொரு வேஷத்திலும் வருகிறது, அதுவும் சென்னையில். இமாடினிப் மெசிலேட் என்ற உப்பு உறையும்போது பல வகை ஸ்படிகங்களாக உறையக்கூடும். அவற்றில் பீட்டா என்ற வகை எளிதில் ஈரம் பிடிக்காது, நன்கு பொடியாகச் சொரியும், நிலைத்திருக்கும் என்று கூறி, சிபா-கைகியும் சாண்டோஸும் இணைந்து உருவான நோவார்ட்டிஸ் கம்பெனி அதற்குக் காப்புரிமை கோரி, 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் மனுச் செய்தது. 2006 ஜனவரியில் அலுவலகம் அதை நிராகரித்தது. 2005-இல் திருத்திய நம் சட்டத்தின் 3(டி) பிரிவு, அறிந்த பொருளின் புது வடிவம் நோய் தீர்க்கும் சக்தியில் மேம்பட்டதாக இருந்தாலன்றி அதைப் புதுமை என்று ஏற்பதில்லை. அப்பிரிவே அரசியல் சட்டத்துக்கு முரண் என்ற வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் 2007-இல் தள்ளுபடியாயிற்று. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி, ஈரம் பிடிக்காமையும் சொரியும் தன்மையும் ஒரு பொருளின் பௌதிக குணங்களேயன்றி நோய் தீர்க்கும் சக்தி ஆகா என்று முடிவு கூறிற்று. மாதம் சுமார் 1,20,000 ரூபாய் விலையுள்ள மருந்தை இந்தியக் கம்பெனிகள் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. தினந்தோறும், பெரும்பாலும் ஆயுள் முழுவதும், உண்ணவேண்டிய மருந்து என்பதையும் சேர்த்து எண்ணினால், அந்த வித்தியாசத்தின் பொருள் விளங்கும். கம்பெனியின் கட்சியிலும் நியாயம் உண்டென்று வாதித்தவர்கள் இருந்தார்கள். புது மருந்துக்குச் செலவிடுவார் யார் என்பது அவர்கள் கேள்வி. கேள்வி தள்ளத்தக்கதன்று, ஆனால் அதற்கு விடை ஒரே பொருளின் ஸ்படிக வகைகளை எண்ணிக்கொண்டிருப்பதில் இல்லை என்பதே என் அபிப்பிராயம்.

மீண்டும் டொமைனுக்கு வருவோம். இயல்பான ஏபிள், வேண்டாதபோது தானே எப்படி அடங்கிக் கிடக்கிறது என்ற கேள்வி வெகுநாள் விடையின்றி இருந்தது. 2003-இல், பெர்க்லிக்கு இடம் மாறியிருந்த குரியன் குழுவும், ஹைடல்பர்க்கில் ஜூலியோ சூப்பர்ட்டி-பர்கா குழுவும் சேர்ந்து விடை சொன்னார்கள். ஏபிள் சங்கிலியின் தலைப்பில், சாதிக்காய்க் கொழுப்பில் மிகுந்திருக்கும் மிரிஸ்டிக் அமிலம் ஒட்டியிருக்கிறது. அந்தக் கொழுப்பு வால் வளைந்து வந்து, கைனேஸ் டொமைனின் பெரு மடலில், ஏ.டி.பி.யின் இடத்துக்கு வெகு தொலைவில் உள்ள ஒரு குழிக்குள் நுழைகிறது; நுழைந்ததும் மடலின் ஒரு சுருள் மடங்கி, அண்டை டொமைன்கள் வந்து பின்புறத்தை இறுகப் பற்றுகின்றன; கைனேஸ் அடங்குகிறது. பி.சி.ஆர்.-ஏபிளிலோ, குரோமோசோம் வெட்டுண்டபோது இந்தத் தலைப்பு போய், அந்த இடத்தில் பி.சி.ஆர். வந்து ஒட்டிக்கொண்டது. அடக்கும் வால் போயிற்று. அது நுழையும் குழி மட்டும் காலியாக நிற்கிறது.

காலியாக நிற்கும் குழியில் வேறெதையாவது வைக்கலாமே என்று எண்ணுவது, அந்தப் படத்தைப் பார்த்தவனுக்கு இயல்பு. 2006-இல் சான் டியாகோவிலிருந்து அத்தகைய பொருள் ஒன்று அறிவிக்கப்பட்டது. அதற்கு வலிமை போதவில்லை. குழியின் உருவத்தையே வைத்துக்கொண்டு அணு அணுவாகத் திருத்தி வகுத்த அசிமினிப் என்ற மருந்து 2021 அக்டோபரில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. முதல் மருந்தில் கை நடந்த வழியைக் கண் இரண்டாண்டு பிந்திப் பார்த்தது. இதிலோ கண் பார்த்த குழியைக் கை நிரப்பப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

ஸ்படிகத்தில் தெரிவது டொமைனின் ஒரு கோலமே. தண்ணீரில் அது ஓயாமல் ஒரு கோலத்திலிருந்து மற்றொன்றுக்கு ஆடுவது; அந்த ஆட்டத்தில் தொழில் செய்யும் நிலை ஒன்றும் ஓய்ந்த நிலைகள் இரண்டும் உண்டு என்பதை, காந்த அதிர்வு முறையால் மெம்பிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் காட்டியிருக்கிறார்கள். மருந்துக்கு எதிர்ப்புத் தரும் மாற்றங்களில் சில மருந்தை நேரே தடுப்பதில்லை, இந்த ஆட்டத்தின் சமநிலையைச் சாய்ப்பதோடு நின்றுவிடுகின்றன என்பதும் அதிலிருந்து தெரிகிறது. அசிமினிப்புக்கும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 315-ஆம் இடத்தில் ஐசோலூசின் உள்ளவர்களுக்கு, மற்றவர்களுக்குத் தினம் 80 மில்லிகிராம் போதுமான இடத்தில், 200 மில்லிகிராம் வீதம் இரு வேளை தேவைப்படுகிறது. மிரிஸ்டிக் குழியைச் சூழ்ந்த அமினோ அமிலங்களிலேயே மாற்றம் தோன்றி மருந்தைத் தள்ளுவதும் உண்டு. ஏ.டி.பி.யின் இடத்தை அடைக்கும் மருந்து ஒன்றையும் குழியை அடைக்கும் மருந்து ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால், ஒரே அணு இரண்டையும் ஒருங்கே தப்புவது அரிது என்ற கணக்கில், அத்தகைய சேர்க்கைகளை இப்போது நோயாளிகளிடம் சோதித்து வருகிறார்கள்.